பாக்கி நாள்

எங்க மலைமேட்டுல வெங்காயத்தாள் பிடுங்கக் கூலி கொடுக்கிற பழக்கமே இருந்ததில்ல. இன்னிக்கு நான் உன் வயலுக்கு வந்தா, என் அறுவடைக்கு நீ வரணும். போன தடவை எர்மிந்தா வயல்ல முதுகொடிய வேலை செஞ்சேன். அவ எனக்கு ஒரு நாள் பாக்கி.

அப்புறம் வெனிசுவேலாக்காரங்க வந்தாங்க. அவங்க நாட்டுல பிழைக்க வழியில்லாம, எல்லையில இருந்து நடந்தே, போர்வையைச் சுத்திக்கிட்டு, சாரை சாரையா. பாதிப்பேர் மலையைத் தாண்டி நகரத்துக்குப் போயிட்டாங்க. மீதிப்பேர் இங்கயே தங்கி அற்பக் கூலிக்குப் பிடுங்கினாங்க. எர்மிந்தா மாதிரி பெரிய வயல்காரிகளுக்குக் கொண்டாட்டம். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

அன்னிக்கு வானம் துடைச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. ரெண்டொரு நாள்ல உறைபனி விழப்போகுதுன்னு அர்த்தம். விழுந்தா என் பயிர் கருகிடும், வருஷச் சாப்பாடே அதுதான். எர்மிந்தா வீட்டுக்குப் போனேன்.

"நாளைக்கு வயலுக்கு வாடி. பாக்கி இருக்குல்ல?"

"இப்ப யாரு தெல்பினா நாளுக்கு நாள் செய்யறா? நீயும் ரெண்டு பேரைக் கூலிக்குப் பிடிச்சுக்க."

"கூலி கொடுக்கக் காசுக்கு எங்க போவேன்?"

"அதுக்கு நான் என்ன பண்ண?"

வீடு தேடி வந்தவளுக்கு ஒரு வாய் வெல்லத் தண்ணிகூடக் கொடுக்காம கதவைச் சாத்தினா.

விடிஞ்சதும் தனியாளா பிடுங்கிக்கிட்டிருந்தேன். ரோட்டோரத் தகரக் கொட்டகையில இருக்கிற யுஸ்மாரி வந்து நின்னா. அவளும் வெனிசுவேலாக்காரிதான்.

"ஆள் வேணுமாக்கா?"

"காசு இல்ல. ஒரு நாள் செஞ்சா ஒரு நாள் திருப்பிச் செய்வேன், அவ்வளவுதான்."

"எனக்கு வயலே இல்லையேக்கா."

"அது உன் பாடு."

என்ன நினைச்சாளோ, சிரிச்சுட்டுக் குனிஞ்சா. வேரோட வராம தாளைப் பிச்சுப் பிச்சுப் போட்டா. திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்தேன். பொழுது சாயறதுக்குள்ள வயல் காலி. அன்னிக்கு ராத்திரியே பனியும் விழுந்துச்சு.

அடுத்த வாரம் அவ குழந்தைக்குக் காய்ச்சல். அதுக்குள்ள எர்மிந்தா வயல்ல கூலிக்குச் சேர்ந்திருந்தா; ஒரு நாள் போகலைன்னாலும் வேற ஆளைப் போட்டுடுவாங்கன்னு அழுதா.

"நீ புள்ளையைப் பாரு. நான் போறேன்."

எர்மிந்தா வயல்ல, வெனிசுவேலாக்காரங்களோட வரிசையில நானும் குனிஞ்சு நின்னேன். எர்மிந்தா வேகமா வந்தா.

"இங்க என்னடி பண்ற? உனக்கு நான் கூலி கொடுத்தா ஊர் காறித் துப்பாதா?"

"கூலியை யுஸ்மாரிகிட்ட கொடு. நான் அவளுக்கு ஒரு நாள் திருப்ப வந்தேன்."

நான் அடுத்த கொத்தைப் பிடுங்கி மண்ணை உதறினேன்.

"உன் பாக்கி அப்படியே நிக்குது, எர்மிந்தா."