ஆறாவது கேள்வி

"பத்தியில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் எழுது. உனக்கு என்ன தெரியும் என்று எவனும் கேட்கவில்லை." ஆறு வாரமாக அம்மாவிடம் இதையே சொன்னேன். சுவருக்குச் சொல்லியிருந்தால் சுவர் பாஸாகியிருக்கும்.

அம்மா ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாள், கழிப்பறை கழுவுகிறாள். பத்தொன்பது வருடம். முட்டி இரண்டும் தேய்ந்து, மாடிப்படி ஏறும்போது பக்கத்தில் நடப்பவருக்கும் சத்தம் கேட்கும். துணிக்கிடங்கில் ஒரு வேலை காலியானது. விரிப்பும் போர்வையும் வாங்கி அடுக்கிக் கொடுக்க வேண்டும், நாற்காலியில் உட்கார்ந்து. நாற்காலி! அதற்கு ஒரு தேர்வு வைத்தார்கள். ஒரு பத்தி, பத்துக் கேள்வி. ஐம்பது வயதுக்கு மேல் எழுத முடியாது. அம்மாவுக்கு நாற்பத்தொன்பதே முக்கால். இதை விட்டால் கடைசிவரை துடைப்பம்தான்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் நான். அறிவால் வாங்கவில்லை. கேள்வியை இரண்டு முறை படி. முக்கியமான சொல்லுக்குக் கீழே கோடு போடு. அந்தச் சொல் பத்தியில் எங்கே வருகிறது என்று தேடு. முன்னால் ஒரு வரி, பின்னால் ஒரு வரி படித்தால் பதில் அங்கே உட்கார்ந்திருக்கும். தூக்கி எழுது. சொந்தச் சரக்கு வேண்டாம். இதை வைத்துத்தான் பள்ளியிலிருந்து கல்லூரிவரை ஓட்டினேன்.

அம்மாவிடம் சொந்தச் சரக்கு மட்டும்தான் இருந்தது. பயிற்சிக்கு ஒரு பத்தி கொடுத்தேன். ஒருவர் உடல்நலத்துக்காகத் தினமும் அதிகாலையில் நடக்கப் போகிறார். ஏன் போகிறார் என்பது கேள்வி. 'வீட்டில் சண்டை' என்று எழுதி வைத்திருந்தாள்.

"இதுல சண்டை எங்கம்மா இருக்கு?"

"அஞ்சு மணிக்கு ஒரு ஆம்பள வீட்ட விட்டுப் போறான்னா வேற என்னடி காரணம்?"

"உடல்நலம்னு எழுதியிருக்கே!"

"அவன் அப்படித்தான் சொல்லுவான்."

பென்சிலைத் தூக்கி எறிந்தேன். அவள் பொறுமையாக எடுத்துச் சீவிக் கொடுத்தாள். அதுதான் இன்னும் எரிச்சல்.

தேர்வன்று அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"என்ன பத்தி வந்துச்சு?"

"கழிப்பறை கழுவுறது."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன். விழுந்தது பாலில் இல்லை.

"ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊத்தினா கறை சீக்கிரம் போயிடும்னு ஒரு புண்ணியவான் எழுதியிருக்கான். சேர்க்கலாமான்னு ஆறாவது கேள்வி."

"சேர்க்கலாம்னு எழுதிட்டேல்ல?"

"கூடவே கூடாதுன்னு எழுதினேன். புகை கிளம்பும், நெஞ்சு அடைச்சுக்கும், போன வருஷம் ஒருத்தி மயங்கி விழுந்தா, எல்லாம் எழுதினேன்."

"விழுந்தாளா? பத்தியிலயா விழுந்தா?"

"மூணாவது மாடியிலடி."

நடுத்தெருவில் கத்தினேன். ஆறு வாரம் கடலில் கரைத்த பெருங்காயம் என்றேன். உனக்கு நாற்காலி வேண்டாம், முட்டி தேயத்தான் வேண்டும் என்றேன். கேள்வித்தாளை நீட்டினாள். வாங்கிப் படிக்கவில்லை, பையில் திணித்தேன்.

"கக்கூஸ் கதவுக்குப் பின்னாடி ஒரு தாள் தொங்குமே," என்றாள். "கழுவின நேரம் போட்டுக் கையெழுத்துப் போடணும். ஒரு நாள்கூட கழுவாம போட்டதில்ல. இந்தத் தாள்லயும் என் கையெழுத்து இருக்குடி. நாளைக்கு எவளாவது கலந்து செத்தா?"

"உன் பரீட்சைத் தாளைப் படிச்சிட்டா ஒருத்தி சாகப்போறா?"

இரண்டு வாரம் கழித்து விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். கேள்விக்கு ஐந்து மதிப்பெண், தேற இருபத்தைந்து. அம்மா வாங்கியது இருபத்துநான்கு. ஆறாவதற்குச் சைபர், பக்கத்தில் சிவப்பு மையில் 'பத்தியில் இல்லை'. நான் கத்தியதையே திருத்தியவரும் எழுதியிருந்தார். அம்மா முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் போட்டுக்கொண்டிருந்தாள்.

வரிவரியாகக் காட்டித் திட்டுவதற்காகத்தான் கேள்வித்தாளைப் பையிலிருந்து எடுத்தேன். ஒன்பது கேள்வியில் 'பத்தியின்படி' என்று இருந்தது. ஒன்பதிலும் அந்தச் சொல்லுக்குக் கீழே பென்சில் கோடு. ஆறாவதில் அந்தச் சொல்லே இல்லை. 'இவை இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தலாமா? காரணம் கூறுக.' அவ்வளவுதான். அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தாள்.

கேள்வியை இரண்டு முறை படி என்று தொண்டை வறளக் கற்றுக்கொடுத்தவள் நான். ஒரு முறைகூடப் படிக்காமல் கத்தியவளும் நானேதான்.

"இதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"நீ எங்கடி வாயை மூடின?"

மேல்முறையீட்டுக்கு மறுநாள் கடைசி. உட்கார்ந்து மனு எழுதினேன். 'மிகுந்த மனவேதனையுடன் தெரிவித்துக்கொள்வது' என்று தொடங்கியது. கையெழுத்துப் போடு என்றால், அம்மா பென்சிலை எடுத்து 'மனவேதனை'க்குக் கீழே கோடு போட்டாள்.

"எனக்கு எங்கடி மனவேதனை? முட்டிவேதனைதான்."

"மனுன்னா அப்படித்தாம்மா எழுதணும்!"

"இல்லாததை எழுதக்கூடாதுன்னு நீதானே சொன்ன?"

கிழித்தேன். மறுபடி எழுதினேன். 'தங்கள் பாதம் பணிந்து' என்பதற்கும் கோடு விழுந்தது. குனிந்தால் நிமிர முடியாதாம். மூன்றாவது மனுவில் கேள்வியும் அவள் பதிலும் மட்டும்தான் இருந்தன. அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

ஐந்து மதிப்பெண்ணும் வந்தது. கிடங்கில் சேர்ந்த முதல் நாளே சூப்பர்வைசர் எனக்குப் போன் செய்தார்.

"உங்கம்மாகிட்ட கொஞ்சம் சொல்லும்மா. சலவை வண்டி வந்து நிக்குது. ஒவ்வொரு விரிப்பையும் பிரிச்சுப் பாக்காம கையெழுத்துப் போடமாட்டேங்கிறாங்க."

"சொல்லிப் பாத்தாச்சு சார்," என்றேன்.