சரித்திரத்தில் ஏறாத சிப்பிப் படகு

அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை இசோ மூன்று தரம் படித்தாள். மூன்றாவது தரத்திலும் அதில் ஓர் எழுத்துகூட மாறியிருக்கவில்லை.

ஒசாகா நகரத்து நாகாநோஷிமாத் தீவின் சரித்திரத்தை ஆற்றுத்துறை அலுவலகம் எழுதிக்கொண்டிருந்தது. பழங்காலத்திலிருந்தே நிற்கிறவை என்று அந்தச் சரித்திரத்தில் ஏறிய படகுகள் பாலத்தடியிலேயே இருக்கலாம். மற்றவை மாதக் கடைசிக்குள் துறைமுகத்துக்குப் போய்விட வேண்டும். இசோவின் சாப்பாட்டுப் படகு நிற்கும் பாலத்தடியில் பழைய நாளில் சிப்பிப் படகு ஒன்றுகூட நின்றதில்லை என்று தீவின் மூத்த குடிகள் ஐந்து பேர் ஒரே குரலில் சொல்லிவிட்டார்களாம். முதல் பெயர் அரிசிக்கடை தொகுசாபுரோ. இரண்டாவது பெயர் குளியல்கடை ரிக்கு.

துறைமுகத்தில் யார் சிப்பி தின்ன வருவார்கள்? மூட்டை தூக்குகிறவர்கள் நின்றபடியே ஒரு கிண்ணம் நூடுல்ஸ் உறிஞ்சிவிட்டுப் போவார்கள். பாய் விரித்த அறையில் கால் மடக்கி உட்கார்ந்து, மிசோ என்ற சோயா விழுது பூசிய சட்டியில் சிப்பி கொதிப்பதை ரசித்துப் பார்க்கிற கூட்டம் தீவில்தான் இருந்தது. வங்கிக்காரர்கள், வக்கீல்கள், மனைவியிடம் கோபித்துக்கொண்டு வந்தவர்கள். படகு இங்கிருந்து நகர்ந்தால் தொழில் அத்தோடு சரி.

கணவர் யசோஜி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "பேசாம ஹிரோஷிமாவுக்கே போயிடலாமா?" என்று கேட்டார். இசோ பார்த்த பார்வையில் திரும்பவும் கரண்டியை எடுத்துக்கொண்டார்.

படகு போவதைவிட அந்த ஐந்து பெயர்கள்தான் அவளை அதிகம் சுட்டன. ஹிரோஷிமாவிலிருந்து இந்தப் படகுக்கு மருமகளாக வந்து இருபத்திரண்டு வருஷம். ரிக்குவின் பிரசவத்துக்கு வெந்நீர் போட்டிருக்கிறாள். தொகுசாபுரோவின் தகப்பனார் செத்தபோது நாற்பது பேருக்குச் சமைத்துப் போட்டிருக்கிறாள். அவர்களா இப்படிச் சொன்னார்கள்? தீவுக்காரியாகிவிட்டோம் என்று தான் நம்பிக்கொண்டிருந்தது வெறும் பிரமையா? அழுகை வந்தது. அது கோபமாக மாறுகிறவரை காத்திருந்துவிட்டு, கடிதத்தை இடுப்புப் பட்டையில் செருகிக்கொண்டு கரையேறினாள்.

தொகுசாபுரோ அரிசி அளந்துகொண்டிருந்தார். கடிதத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"நானா சொன்னேன்? இசோ-ஹான், உங்க படகுல தின்னு வளர்ந்த வயிறு இது. தொட்டுப் பாருங்க."

"வயித்தைத் தொட்டு எனக்கென்ன ஆகணும்? உங்க பேரை அலுவலகத்துக்காரர் கனவுலயா கண்டாரு?"

தொகுசாபுரோ தலையைச் சொறிந்து யோசித்தார். தோக்கியோவிலிருந்து புதிதாக வந்திருக்கிற எழுத்தர் ஹிரானுமா போன வாரம் வந்தது உண்மைதான். இவர் தேநீர் கொடுத்தாராம். ஆனால் அவர் சிப்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். காகிப்பழம் ஏற்றி வந்த படகுகள் அந்தக் காலத்தில் பாலத்தடியில் நின்றனவா என்றுதான் துருவித் துருவிக் கேட்டாராம். பழப்படகெல்லாம் தென்மா சந்தைக்குப் போகும், இங்கே எங்கள் கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து ஒன்றுகூட நின்றதில்லை என்று இவரும் அடித்துச் சொன்னாராம்.

"பழத்து மேல அப்படி என்ன ஆசைன்னு எனக்கும் புரியலை. சரி, கேக்கிறாரேன்னு ஒரு மணி நேரம் சொன்னேன். அத்தனையும் எழுதிக்கிட்டாரு."

இசோ சட்டென்று நிமிர்ந்தாள். "அவரு எப்படிச் சொன்னாரு? அவரை மாதிரியே சொல்லிக் காட்டுங்க."

தொகுசாபுரோ கழுத்தை விறைப்பாக்கிக்கொண்டு, முதல் எழுத்தை உயர்த்தி இரண்டாவதைக் கீழே போட்டு, "காகி" என்றார்.

இசோ பக்கத்திலிருந்த அரிசி மூட்டையின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள்.

சிப்பிக்கும் காகி என்றுதான் பேர், அந்தச் சிவந்த பழத்துக்கும் காகி என்றுதான் பேர். வித்தியாசம் ராகத்தில் மட்டும். ஒசாகாவில் மேலே தொடங்கிக் கீழே இறக்கினால் பழம். கீழே தொடங்கி மேலே ஏற்றினால் சிப்பி. தோக்கியோவில் அப்படியே தலைகீழ். தீவை விட்டு நகராத தொகுசாபுரோவுக்கு அது தெரிய நியாயமில்லை. ஒசாகாவுக்கு வந்து இரண்டு மாதமே ஆன ஹிரானுமாவுக்கும் தெரியாது. இசோவுக்குத் தெரியும். ஏனென்றால் ஹிரோஷிமாவிலும் தோக்கியோ ராகம்தான். கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலத்தில் படகின் முனையில் நின்று தொண்டை கிழியப் பிறந்த ஊர் ராகத்தில் 'காகி' என்று கூவி அழைத்தவள் அவள். கூடையும் கையுமாகப் பழம் வாங்க ஓடி வந்தது பெண்கள் கூட்டம். 'பழக்காரி மருமகள்' என்ற பட்டம் ஏழு வருஷம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆற்றைப் பார்த்து நின்று, மீன்களுக்குப் பாடம் நடத்துவதுபோல, ஒசாகா ராகத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகினாள். அதன்பிறகு பிறந்த ஊர் ராகம் அவள் வாயில் வந்ததே இல்லை. தூக்கத்தில்கூட வராது என்று யசோஜி சொல்வார்.

நேரே அலுவலகத்துக்குப் போனாள். ஹிரானுமாவுக்கு முப்பது வயதிருக்கும், கஞ்சி போட்ட கழுத்துப்பட்டி. அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த சுத்தமான மொழியில்தான் கேட்டேன், ஐந்து பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள், யாரோ ஒருவருக்குத் தோதாகச் சரித்திரத்தை வளைக்க முடியாது என்றார். கெட்ட மனிதர் இல்லை. நேர்மையான ஆள்தான், அதுதான் பெரிய தொந்தரவு.

"சரிங்க. நாளைக்கு மத்தியானம் படகுக்கு வந்து சாப்பிடுங்க. காலி பண்ணப்போற படகை ஒரு தடவை பாத்துட்டாவது போங்க" என்றாள் இசோ. தன் சாப்பாட்டுக்குத் தானே பணம் கொடுப்பேன் என்ற நிபந்தனையோடு அவர் ஒத்துக்கொண்டார். சிப்பி என்றால் அவருக்கு உயிர் என்பது அந்த ஒரு கணம் கண்ணில் தெரிந்தது.

மறுநாள் பரிமாற ரிக்குவை நிறுத்தினாள். காதில் விழுவதைக் கொண்டு வா, அதற்குமேல் மூளையைக் கசக்காதே என்று மட்டும் சொல்லிவைத்தாள். தொகுசாபுரோ மூலையில் உட்கார்ந்து புகைபிடித்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் யசோஜி சிப்பிச் சட்டியைக் கொதிக்க விட்டிருந்தார். அந்த வாசனைக்குப் பாலத்தின்மேல் போகிறவர்களே நின்று பார்த்தார்கள். ஹிரானுமா முழங்கால் மடக்கி உட்கார்ந்து, எச்சில் விழுங்கிக்கொண்டு, காகி கொண்டுவரச் சொன்னார்.

ரிக்கு தோல் சீவி நான்காக வெட்டிய பழத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

சாப்பாட்டுக்கு முன்னால் இதுதான் வழக்கமாக்கும் என்று நினைத்து மரியாதைக்குத் தின்றார். மறுபடி கேட்டார். மறுபடி பழம் வந்தது. மூன்றாவது தட்டு வந்ததும் கழுத்துப்பட்டிக்கு மேலே காதெல்லாம் சிவந்துவிட்டது.

"அம்மா, நான் கேட்டது காகி."

"அதைத்தானே மூணு தடவையும் கொண்டுவந்து வெச்சேன்" என்றாள் ரிக்கு. "இன்னுமா பசி அடங்கலை? குளிர்ல இவ்வளவு தின்னா வயித்தால போகும், பாத்துக்குங்க."

இதே எச்சரிக்கையை ஹிரானுமா போன வாரம் விசாரிக்கப் போனபோதும் கேட்டிருந்தார். மெல்லப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றுவிட்டது. படியுங்கள் என்றாள் இசோ. அவர் படித்தார்.

"தீவுவாசிகள் சிப்பியைத் தோல் சீவி, கயிற்றில் கட்டி, கூரை ஓரத்தில் தொங்கவிட்டு ஒரு மாதம் காயவைக்கிறார்கள். காக்கை கொத்தாமல் கிழவர்கள் காவல் இருக்கிறார்கள்."

"இதை எழுதுறப்ப உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?" என்று கேட்டாள் இசோ.

"தோணிச்சு. ஆனா ஒசாகாக்காரங்க என்ன வேணும்னாலும் செய்வாங்கன்னு எங்க ஊர்ல சொல்லி அனுப்பினாங்க."

ரிக்கு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தொகுசாபுரோவுக்குப் புகை தலைக்கேறிப் புரை ஏறியது. சிரிப்பே வராத யசோஜி அடுப்படியில் முதுகைத் திருப்பிக்கொண்டு குலுங்கினார். ஹிரானுமாவும் கடைசியில் சிரித்துவிட்டார். சிரித்தபிறகு ஆள் பத்து வயது இளமையாகத் தெரிந்தார். சட்டி வந்தது. வாய் நிறையச் சிப்பியோடு, எல்லாவற்றையும் மறுபடி கேட்கிறேன் என்றார்.

ஒசாகா ராகம் அவருக்கு வரவில்லை. பாதி வழியில் வழுக்கி விழுந்தது. எனவே அவர் கேட்க, இசோ அதைத் திருப்பிச் சொல்ல, மற்ற இருவரும் பதில் சொன்னார்கள். மடை திறந்ததுபோல வந்தது. பிரபுக்களின் அரிசிக் கிடங்குகள் வரிசையாக நின்ற நாளில் கிடங்குக் கணக்கர்கள் சிப்பிப் படகில்தான் மத்தியானம் சாப்பிட்டார்கள் என்றார் தொகுசாபுரோ. பெரிய தீ விபத்தில் பாலத்து அரசாணைப் பலகை எரியாமல் அதைக் கழற்றித் தண்ணீரில் இறக்கிக் காப்பாற்றியதே இந்தப் படகுக்காரர்கள்தான், அதற்குப் பரிசாகத்தான் இந்த இடம் கிடைத்தது என்றாள் ரிக்கு. எந்தத் தீ என்பதில் இருவருக்கும் சண்டை வந்தது. ஹிரானுமா இரண்டையும் எழுதிக்கொண்டார்.

வெயில் சாய்வதற்குள் கடிதத்தைக் கேட்டு வாங்கி, குறுக்கே கோடு போட்டு, தன் முத்திரையைக் குத்தினார். படகு இங்கேயே இருக்கும், மேலதிகாரிக்கு நானே விளக்கிக்கொள்கிறேன் என்றார். இசோ தலை பாயில் படும்படி குனிந்தாள்.

எழுந்திருக்கும்போது அவர் தயங்கி நின்றார். ராகம் இரண்டு என்பதையும் சரித்திரத்தில் குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து வருகிற தோக்கியோக்காரனும் பழம் தின்றே போவான் என்றார்.

"இசோ-சான், இந்தப் படகுல அதை எப்படிச் சொல்வீங்க?"

இசோ வாயைத் திறந்தாள். பழகிய ராகம்தான் வரப்போகிறது என்று நினைத்தாள். வந்தது வேறு. மேலே தொடங்கிக் கீழே இறங்கி, அம்மா சிப்பி உடைத்தபடி சொல்வதுபோலவே, "காகி" என்று வந்துவிட்டது.

முகம் தீயாக எரிந்தது. இருபத்திரண்டு வருஷத்து உழைப்பு ஒரு நொடியில் போயிற்று, இனி ஏழு வருஷத்துக்குப் பழக்காரிதான் என்று தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் ரிக்கு சிரிக்கவில்லை. தொகுசாபுரோ புகைக்குழாயைத் தட்டிச் சாம்பலைக் கொட்டிவிட்டு எழுத்தரைப் பார்த்தார்.

"என்ன பாத்துட்டு நிக்கிறீங்க? எங்க தீவுல ரெண்டு விதமாவும் சொல்வோம்னு எழுதிக்குங்க."