கேரியருக்கு அடியில் ஒரு சுவிட்ச்

சித்தூர் மிட்டூரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் ஜெயசீலிக்குக் காது கூர்மை. தண்ணீர் மோட்டாரோ மிக்ஸியோ, அரை நிமிஷம் ஓடவிட்டுக் கேட்டால் போதும், உள்ளே என்ன கெட்டிருக்கிறது என்று பிரிக்காமலே சொல்லிவிடுவாள். ஒரு சாயங்காலம் கடை வாசலில் நின்றிருந்தபோது, தெருக்கோடியில் தன் கணவனின் பேட்டரி சைக்கிள் வரும் சத்தம் கேட்டது. மோட்டார் ஒரே சீராக ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு நொடிகூட நிற்கவில்லை. அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

கணவன் மாசிலாமணிக்கு ஐம்பத்திரண்டு வயது. குடிபாலா சாலையில் இருக்கும் மாங்கூழ் ஆலையில் பாய்லர் ஆபரேட்டர். மூன்று மாதச் சராசரி சர்க்கரை ஒன்பதைத் தாண்டியதும், தினமும் சைக்கிள் மிதிக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். முட்டி வலி இருக்கிற மனுஷனுக்குச் சாதா சைக்கிள் ஒத்துவராது என்று மகள் தபிதா பேட்டரி சைக்கிள் ஒன்றை வாங்கி அனுப்பினாள். அவள் திருப்பதியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். தகப்பன் பாதி மிதிக்க வேண்டும், மோட்டார் பாதி உதவ வேண்டும் என்பது அவள் கணக்கு.

மாசிலாமணியின் கணக்கு வேறு. பெடலில் காலை வைத்துச் சும்மா சுழற்றினாலே மோட்டார் இழுத்துக்கொண்டு ஓடும் என்பதை அவர் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். ஒரு மாதமாகக் கால்கள் சுற்றின, வண்டி ஓடியது, சட்டையில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. சர்க்கரையும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் ஜெயசீலி சைக்கிளை முற்றத்தில் கவிழ்த்துப் போட்டாள். பெடல் சுற்றுவதைக் கண்டுகொள்ளும் சென்சாரிலிருந்து மூன்று ஒயர்கள் சீட்டுக்கு அடியில் இருந்த பெட்டிக்குப் போயின. அதில் ஒன்றுதான் 'கால் சுற்றுகிறது, மோட்டாரை ஓட்டு' என்ற சேதியைக் கொண்டுபோவது. மீட்டர் வைத்துப் பார்த்து அந்த ஒயரைக் கண்டுபிடித்தாள், நடுவில் வெட்டினாள், இரண்டு முனைக்கும் இடையே ஒரு காலிங்பெல் சுவிட்சைப் பற்றவைத்தாள். இனிமேல் பெடலும் சுற்ற வேண்டும், சுவிட்சும் அமுங்கியிருக்க வேண்டும். கையை எடுத்தால் மோட்டார் அடங்கிவிடும். கைப்பிடியைத் திருகி ஓட்டும் வசதியையும் கழற்றிவிட்டாள். பிரேக் ஒயர்களை மட்டும் தொடவில்லை. சுவிட்சை ஹேண்டில்பாரில் பொருத்தி, மேடு வந்தால் மட்டும் அமுக்கும்படி கணவனிடம் சொன்னாள். அவரும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

பத்து நாள் கழித்து வண்டியைத் துடைக்கும்போது பார்த்தாள். சுவிட்சின் மேல் ஒரு புளியங்கொட்டை, அதன்மேல் நாலு சுற்று டேப். சுவிட்ச் நிரந்தரமாக அமுங்கிக் கிடந்தது. ஜெயசீலிக்குக் கோபம் வருவதற்கு முன்னால் சிரிப்பு வந்துவிட்டது. சண்டை போடாமல், ஒயரை நீட்டி, சுவிட்சைக் கழற்றிப் பின் கேரியருக்கு அடியில் மாட்டினாள். ஓட்டுகிறவர் எப்படி வளைந்தாலும் கை எட்டாத இடம்.

"பின்னால ஆளு உக்காந்தாத்தான் மோட்டாரா?" என்று மாசிலாமணி கேட்டார்.

"நான் உக்காந்துக்கினு வரேன், போங்க" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு அவர் மனைவியிடம் காட்டிய அக்கறை, கல்யாணமான புதிதில்கூட அவள் காணாதது. காலையில் கடையில் கொண்டுவிடட்டுமா, மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போகட்டுமா, ஜெபக்கூட்டத்துக்கு நடந்தா போவாய் என்று விழுந்து விழுந்து கேட்டார். ஜெயசீலிக்கும் அது பிடித்திருந்தது. நீவா ஆற்றுப் பாலத்து மேட்டில் அவர் மூச்சு வாங்கும்வரை பொறுத்திருந்து, பிறகு அமுக்குவாள். வண்டி சட்டென்று முன்னால் பாயும். சில நாள் வேண்டுமென்றே விட்டுவிட்டு அமுக்குவாள். "சீலி, கொஞ்சம் தயவு பண்ணும்மா" என்று முன்னாலிருந்து குரல் வரும். பேசிக்கொண்டே போனார்கள். ஆலையில் யார் யாரோடு முறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குத் தெரிய வந்தது.

ஆனால் அவளைக் கடையில் இறக்கிவிட்ட பிறகும் ஆலைக்கு நாலு கிலோமீட்டர் பாக்கி இருந்தது. அந்தத் தூரத்தை அவர் எப்படிக் கடக்கிறார் என்று அவள் யோசிக்கவில்லை. கீரை வியாபாரம் செய்யும் கமலம்மா, கருகிய மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்த அன்றுதான் தெரிந்தது.

மாசிலாமணியைப் போலத் தங்கமான மனுஷன் கிடையாது என்று ஆரம்பித்தாள் கமலம்மா. தோட்டத்துக்குக் கீரை எடுக்கப் போகும் அவளைத் தினமும் ஏற்றிக்கொண்டு போய் ஆலைக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடுகிறாராம். அவள் போகாத நாளில் சர்ச்சில் மணி அடிக்கும் கோயில்குட்டி மணிவேலை ஏற்றிக்கொள்கிறாராம். ஒரே ஒரு குறைதான்.

"கேரியரு கீழ ஒரு பெல்லு இருக்குது, அத அமுக்கிக்கினே வா, அமுக்கிக்கினே வான்னு உயிர எடுக்கறாரு. அது அடிக்கறதும் இல்ல ஒண்ணும் இல்ல. ஒரு வாட்டி ரெண்டு வாட்டி அமுக்கிட்டு நான் உட்டுடுவேன். மணிவேலு ஷாக் அடிக்கும்னு கையே வைக்கறதில்ல."

ஜெயசீலிக்கு முதலில் சுருக்கென்றது. ஆளை ஏற்றித் தன்னை ஏமாற்றிவிட்டாரே என்று நினைத்தாள். பிறகு கமலம்மாவை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தாள். எண்பது கிலோவுக்குக் குறையாது. அந்த எண்பது கிலோவைப் பின்னால் வைத்துக்கொண்டு, மோட்டார் இல்லாமல், தினமும் நாலு கிலோமீட்டர். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அது ரிப்பேரா கீதுக்கா" என்றாள். "இனிமே அமுக்கவே அமுக்காத."

மிக்ஸிக்குக் கூலி வாங்கவில்லை. கணவனிடம் இதைப்பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தெருக்கோடியில் வண்டி சத்தமில்லாமல் வருவதையும், சட்டை முதுகோடு ஒட்டியிருப்பதையும், இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவர் படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போவதையும் கவனித்துக்கொண்டே இருந்தாள்.

சுவிட்ச் வைத்து மூன்று மாதம் முடிந்து மறுபடி ரத்தம் கொடுக்கும் நாள் வந்தது. தபிதா வேலை செய்யும் மருத்துவமனைக்கே வரச் சொல்லியிருந்தாள். தெரிந்தவனான பாபு, மினிவேனில் திருப்பதிக்குச் சரக்கு எடுக்கப் போவதாக இருந்தது. சைக்கிளையும் அதில் ஏற்ற வேண்டும் என்று மாசிலாமணி பிடிவாதம் பிடித்தார். இதை எதற்கு அங்கே சுமக்க வேண்டும் என்று ஜெயசீலிக்கு விளங்கவில்லை. மகளுக்குக் காட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, ஆளுக்கு நாலு இட்லி சாப்பிட்டார்கள். தபிதாவின் வாடகை அறை திருமலை அடிவாரமான அலிபிரிக்குப் போகும் சாலையில், மேட்டில் இருந்தது. அவள் வேலை முடிந்து மதியம் வந்துவிடுவதாகச் சொல்லி அறைச் சாவியைக் கொடுத்திருந்தாள். "உக்காரு சீலி" என்றார் மாசிலாமணி. ஆட்டோவில் போகலாம் என்று அவள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

சமதரையில் வண்டி நன்றாகவே போயிற்று. சாலை மெல்ல ஏற ஆரம்பித்ததும் ஜெயசீலி கையைக் கீழே விட்டுச் சுவிட்சை அமுக்கினாள். சத்தம் இல்லை. விட்டுவிட்டு மறுபடி அமுக்கினாள். சக்கரத்துக்குள் உயிரே இல்லை. வேனில் குலுங்கியதில் பற்றவைப்பு விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தாள். நிறுத்தச் சொல்ல வாயெடுத்தவள், முன்னால் பார்த்தாள். மாசிலாமணி சீட்டிலிருந்து எழும்பி, முழு உடம்பையும் பெடலில் இறக்கிக்கொண்டிருந்தார். வண்டி நத்தை மாதிரி ஊர்ந்தாலும் நிற்காமல் ஊர்ந்தது. மலைக்கு நடக்கப் போகும் கூட்டம் ஒன்று மூட்டை முடிச்சோடு அவர்களைத் தாண்டிப் போனது. அதில் ஒருவர் தெலுங்கில் சபாஷ் சொல்லிவிட்டுப் போனார்.

"அமுக்கிக்கினுதானே இருக்கற?" என்று கேட்டார் மாசிலாமணி, திரும்பிப் பார்க்காமல்.

"ஆமா, ஆமா" என்றாள் அவள். நிஜமாகவே அமுக்கிக்கொண்டுதான் இருந்தாள்.

நடுவில் இரண்டு இடத்தில் காலூன்றித் தண்ணீர் குடித்தார். மூன்றாவது தடவை நின்றபோது மகளின் அறை இருந்த வீட்டு வாசல் வந்துவிட்டது. ஜெயசீலி இறங்கினாள். அவர் ஹேண்டில்பாரின் மேல் கவிழ்ந்து மூச்சு வாங்கினார். மூச்சு கொஞ்சம் அடங்கியதும் சட்டைப்பைக்குள் விரலை விட்டு ஒரு சின்னச் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். பேட்டரியின் சாவி. மருத்துவமனை வாசலிலேயே அணைத்து எடுத்துவைத்திருக்கிறார்.

ஜெயசீலி சாவியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கமலம்மா ரெண்டு மாசமா அமுக்கவே இல்ல" என்றார் அவர். "முதல்ல கத்திப் பாத்தேன், கெஞ்சிப் பாத்தேன். அப்புறம் ஒரு நாளு பாலத்து மேல போய்க்கினு இருக்கசொல்லோ தோணிச்சு, மோட்டாரு இல்லாமயேதான போய்க்கினு இருக்கறோம்னு. உன்ன வச்சுக்கினு மேடு ஏற முடியுமான்னு பாக்கணும்னு ஆசை."

அவளுக்கு அடக்க முடியவில்லை. கமலம்மாவை அமுக்க வேண்டாம் என்று தடுத்ததே தான்தான் என்று சொல்லிவிட்டாள். மாசிலாமணி படியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். தெருவில் போனவர்கள் இவர்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

மதியம் தபிதா வந்து கதை முழுவதையும் கேட்டாள். அவளும் தன் நைனாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினாள். அமுக்குகிற வேலை தன் கைக்கு வந்ததும் மாசிலாமணி ஒரு விநாடிகூட விரலை எடுக்கவில்லை.

சாயங்காலம் பாபுவின் வேன் திருப்பதியைத் தாண்டி வந்துகொண்டிருந்தபோது மகள் போன் செய்தாள். ஏழு புள்ளி மூன்று. ஜெயசீலி கண்ணை மூடி மனதுக்குள் கர்த்தருக்கு நன்றி சொன்னாள். மாசிலாமணி உடனே தனக்கு ஒரு மைசூர்பாகு கேட்டார். தபிதா போனிலேயே மறுத்தாள். சரி, ஹேண்டில்பாரிலும் ஒரு சுவிட்ச் வேண்டும், முட்டி வலிக்கிற நாளுக்கு மட்டும் என்றார்.

"போட்டுத் தரேன்" என்றாள் ஜெயசீலி. "ஆனா கமலம்மாவ ஏத்திக்கினு போறத நீங்க விடக் கூடாது."

ஓட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பாபு, தன் மச்சானிடமும் இதே மாதிரி வண்டி ஒன்று இருக்கிறது, அவனுக்கும் சுகர்தான், அதையும் இப்படி மாற்றித் தர முடியுமா என்று கேட்டான். ஒயர் மாற்றுவது ஒரு மணி நேர வேலைதான், பின்னால் உட்கார ஆள் இருக்கிறதா என்று ஜெயசீலி விசாரித்தாள்.

மச்சானைக் கட்டிய தன் அக்கா இருக்கிறாள் என்றான் பாபு. எத்தனை கிலோ இருப்பாள் என்று ஜெயசீலி கேட்டாள்.