இடது கீழ் மூலையில் ஒரு சொட்டு

அரைநூல் தன் வீட்டுப் பட்டறையில் செய்த நீராவி இஞ்சினை முதன்முதலாகப் பற்றவைத்த புதன்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, அவர் மனைவியின் மூச்சு மூக்கில் நின்றுபோய், இஞ்சினின் புகைபோக்கி வழியாக வர ஆரம்பித்தது. அவள் அப்போது சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நெடி போய்விட்டது. மூக்குக்கு நேரே புறங்கையை வைத்துப் பார்த்தாள், காற்று வரவில்லை. பின்பக்கத்துப் பட்டறையில் சக்கரம் சுற்றுக்கு நாலு தடவை புஸ் என்றது, அவள் நெஞ்சும் அதே கணக்கில் ஏறி இறங்கியது. மயக்கம் இல்லை, வலி இல்லை. மீதி மூன்று வெங்காயத்தையும் உரித்து வைத்துவிட்டுத்தான் போய்ப் பார்த்தாள்.

அரைநூல் என்பது தெரு வைத்த பெயர். ஆலையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவர்; அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கான நூல்தான் அவருக்கு அளவு. கதவைக் காட்டினாலும் கட்டிலைக் காட்டினாலும், "அரை நூல் சாய்ஞ்சிருக்கு" என்பார். பெரும்பாலும் சாய்ந்துதான் இருக்கும், அதனால் யாரும் அவரைத் தங்கள் வீட்டுக்குள் கூப்பிட விரும்புவதில்லை. மனைவி முன் அறையில் இரண்டு மிஷின் போட்டுத் துணி தைத்துக் கொடுத்தாள். எல்லோருக்கும் அவள் தையலக்கா. நாலு வருடம் பட்டறையே கதி என்று கிடந்து அவர் செய்த ரயில் இஞ்சின் முழங்கால் உயரம், பாதிக் கட்டில் நீளம், உட்கார்ந்து ஓட்டினால் ஆளையே இழுக்கிற சக்தி. அதன் பாய்லர் முழுக்கச் செம்பு. செம்புத் தகடுகளை வெள்ளி உருக்கி ஒட்டும்போது ஒரு டார்ச்சின் சூடு போதாது என்று இரண்டாவது டார்ச்சைப் பிடித்தவள் தையலக்காதான். தகடு எந்தச் சிவப்புக்கு வரும்போது வெள்ளி தண்ணீராக ஓடும் என்பது அவருக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு அவளுக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் வழக்கப்படி நெருப்பை அணைத்தார்கள். பிரஷர் முள் இருபதுக்கு இறங்கியபோது தையலக்காவின் உதடு நீலமாகிவிட்டது. அரைநூல் கையில் கிடைத்த கரியையெல்லாம் அள்ளிப் போட்டு, விசிறியால் விசிறி, முள்ளை ஏற்றி அவளை மீட்டார். மறுநாள் வந்த டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை முதலில் அவள் முதுகிலும் பிறகு பாய்லர் மேலும் வைத்துக் கேட்டார். இரண்டும் ஒரே சத்தம் என்றார். குளிர்ந்த காற்றில் நிற்க வேண்டாம், நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதன்படியே ஏழு வருடம் நெருப்பு அணையவில்லை. இஞ்சினைக் கட்டை மேல் தூக்கி வைத்து, சக்கரம் தரையில் படாமல் சுற்ற விட்டார்கள். இருவரும் முறை போட்டுக் கரி போட்டார்கள், கைப்பம்பால் தண்ணீர் ஏற்றினார்கள், சாம்பலைப் பாதி பாதியாகக் கிளறி எடுத்தார்கள். தையலக்கா நாலு தெரு தாண்டிப் போனால் நெஞ்சு இறுகும் என்பதால் துணி எடுக்கிறவர்களே வீட்டுக்கு வந்தார்கள். அவள் பேசும்போது சக்கரம் கொஞ்சம் தயங்கும். சிரித்தால் வேகமாகச் சுற்றும். பயந்தால் முள் ஏறும்.

இந்தக் கடைசி விஷயம்தான் வினை. முள் சாதாரணமாக அறுபதில் நிற்கும். எண்பதில் சிவப்புக் கோடு, அதைத் தொட்டால் சேஃப்டி வால்வு திறந்து கத்தும். பல்லி விழுந்தால் பத்துப் பவுண்டு ஏறும் என்பது தெருவுக்கே தெரிந்துபோயிற்று. தன் மனைவி எதற்கெல்லாம் பயப்படுகிறாள் என்று ஊரில் எந்தப் புருஷனுக்கும் சரியாகத் தெரியாது. அரைநூலுக்கு மட்டும் பவுண்டுக் கணக்கில் தெரிந்தது. அவர் கரி போடுவதற்காகக் குனிந்து நெருப்புக் கதவின் முன்னால் முகத்தைக் கொண்டுபோகும்போதெல்லாம், முன் அறையில் தைத்துக்கொண்டிருப்பவளின் மிஷின் நின்றுவிடும், முள் எழுபதைத் தாண்டும். ஏன் என்று அவர் கேட்கவில்லை. காரணம் இரண்டு பேருக்கும் தெரியும்.

நெருப்புக் கதவு இருக்கிற பின் தகட்டின் இடது கீழ் மூலையில் வெள்ளிக்குப் பதிலாக ஈயம் இருந்தது. புது பாய்லரை நெருப்புக் காட்டுவதற்கு முன்னால், பச்சைத் தண்ணீரை நிரப்பி, ஓடப்போகிற அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்குக்குப் பம்பு அடித்து அரை மணி நேரம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆலைகளில் பாய்லர் இன்ஸ்பெக்டராக இருந்த தையலக்காவின் அண்ணன் அந்தச் சோதனைக்கு வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் அரைநூல் தானே பம்பு அடித்துப் பார்த்தபோது அந்த மூலையில் ஊசி முனை அளவு கசிந்தது. திரும்ப வெள்ளி வைப்பதென்றால் முழு பாய்லரையும் மறுபடி சிவக்கக் காய்ச்ச வேண்டும்; மற்ற ஒட்டுகள் விட்டுப்போனால் நாலு வருட வேலை பாழ். அவர் சாதாரண சால்டரிங் கோலை எடுத்து ஈயத்தை உருக்கித் தேய்த்து, மேலே சாயமும் பூசிவிட்டார். ஒரு தடவை ஈயம் பட்ட செம்பில் பிறகு வெள்ளி பிடிக்காது, ஈயம் அதிகச் சூடும் தாங்காது என்பது வேலை கற்றுக்கொள்ள வந்த முதல் வாரமே எல்லோருக்கும் சொல்லித் தருகிற பாடம். தையலக்கா பக்கத்தில்தான் நின்றாள். அண்ணனிடம் சொல்லிவிட்டால் அவர் அந்த இடத்திலேயே பாய்லரை ஓரங்கட்டச் சொல்வார், புருஷன் முகம் செத்துவிடும். ஓடினால் ஓடட்டும், ஓடாவிட்டால் ஒரு மூலையில் கிடக்கட்டும், இஞ்சின்தானே என்று இருந்துவிட்டாள். தன் உயிரே அதற்குள் போய் உட்காரும் என்று அவள் கண்டாளா? அண்ணன் வந்தார், பம்பு அடித்தார், ஒரு சொட்டு வரவில்லை, கையெழுத்துப் போட்டார்.

ஏழாவது வருடம் ஒரு காலையில் அந்த மூலையில் உப்புக் கோடு மாதிரி வெள்ளையாக ஏதோ தெரிந்தது. தையலக்கா குனிந்து பார்த்தாள். சக்கரம் இருநூறு சுற்றுச் சுற்றியதும் சாயத்தின் வெடிப்பில் ஒரு சொட்டுத் திரண்டு, சுர்ரென்று காய்ந்தது. முள் எழுபத்தெட்டுக்கு ஏறியது. பயந்தால் அழுத்தம் ஏறும், ஏறினால் ஈயம் விடும், அது விடும் என்று நினைத்தாலே பயம் வரும். அது விட்டுக்கொண்டு போகிற நேரத்தில் கதவுக்கு நேரே இருப்பது அவர் முகம்தான். தைக்கப்போகிற துணிகளை ஒவ்வொன்றாக மனதில் எண்ணி, கை நீளம், தோள் அளவு என்று ஒப்பித்து ஒப்பித்து முள்ளை அறுபத்தைந்துக்கு இறக்கினாள். அவர் முறைக்கு வருவதற்குள் வெட்டுத்துணி ஒன்றால் வெள்ளைக் கோட்டைத் துடைத்துவிட்டாள். அவருக்குத் தெரிந்தால் பதறுவார், பதறுகிறவரைப் பார்த்து நாம் பதறுவோம் என்பது அவள் கணக்கு.

இப்படி இருபது நாள் துடைத்தாள். சொட்டு நூறு சுற்றுக்கு ஒன்றானது, பிறகு நாற்பதுக்கு ஒன்று. இருபத்தோராவது நாள் துணியை ஒளித்து வைக்க லேத்துக்கு அடியில் இருந்த இழுப்பறையைத் திறந்தபோது, உள்ளே ஏற்கனவே ஒரு துணி சுருட்டிக் கிடந்தது. அவருடைய பழைய பனியன். அதிலும் அதே வெள்ளைக் கோடுகள், வரிசை வரிசையாக. அவள் முறை வருவதற்குள் அவரும் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் பனியனைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள். அழுகைக்கு முள் ஏறுவதில்லை என்று அன்றுதான் தெரிந்தது. பிறகு போய் அண்ணனுக்கு போன் போட்டாள்.

அண்ணன் ஒரு மணி நேரத்தில் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூலையைப் பார்த்தார், நகத்தால் சாயத்தைச் சுரண்டினார், நிமிர்ந்தார்.

"என்ன மாப்பிள்ளை இது? ஈயமா?"

ஆமாம் என்று அரைநூல் தலையை ஆட்டினார்.

"ஏழு வருஷம்! என் கையெழுத்தை வாங்கி வச்சுகிட்டு, என் தங்கச்சி மூச்சை ஈயத்துல தொங்க விட்டிருக்கீங்க. இத்தனை வயசுக்கு என்ன வேலைங்க இது?"

"அண்ணே, நானும்தான் பக்கத்துல நின்னேன். நானும்தான் சொல்லல," என்றாள் தையலக்கா. சக்கரம் தயங்கியது. "திட்டுறதை அப்புறம் திட்டலாம். இப்ப என்ன பண்றது, அதைச் சொல்லு."

செய்ய வேண்டியது ஒன்றுதான். நெருப்பை அணைத்து, பாய்லரைத் தனியாகக் கழற்றி, ஈயம் பட்ட இடத்தை முழுக்கத் துளைத்து எடுத்துவிட்டு, அந்தத் துளையில் செம்பு ஆணி ஒன்றை முறுக்கி, அதைச் சுற்றி வெள்ளி வைக்க வேண்டும். மூன்று மணி நேர வேலை. மூன்று மணி நேரம் அவள் எப்படி இருப்பாள்? இஞ்சினுக்கு நீராவியும் ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான், பாய்லர் இல்லாமல் சக்கரத்தை மட்டும் காற்றால் சுற்ற விடலாம் என்றார் அண்ணன். பஞ்சர் கடையிலிருந்து கம்ப்ரெஸர் வந்தது. முள் முப்பதில் இருக்கும்போதே நீராவிக் குழாயைக் கழற்றி ரப்பர் குழாயை மாட்டினார்கள். சக்கரம் அருமையாகச் சுற்றியது. ஆனால் அரை நிமிஷத்தில் தையலக்காவின் உதடு கறுத்தது, கண் மேலே செருகியது. அது வெறும் காற்று, அதில் மூச்சு இல்லை. அரைநூல் கம்ப்ரெஸரிலிருந்து குழாயைப் பிடுங்கித் தன் வாயில் வைத்து ஊதினார். சக்கரம் ஒரு விரற்கடை நகர்ந்தது, அப்புறம் ஒரு சுற்று, அப்புறம் நாலு புஸ். அவள் கண் திறந்து பார்த்தபோது அவர் கன்னம் இரண்டும் உப்பி, கண்ணில் தண்ணீர் வழிய, ஊதிக்கொண்டே இருந்தார்.

அவர் களைத்துப் போனதும் அண்ணன் குழாயை வாங்கிக்கொண்டார். அரைநூல் பாய்லரைக் கழற்றி வைத்துவிட்டுத் துளையிடும் மிஷினைக் கையில் எடுத்தார். ஆலையில் முப்பது வருடம் ஆடாத கை, வைத்த இடத்தில் நிற்காமல் தகட்டில் கோணல் கோணலாகக் கீறியது. மிஷினைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னால முடியாது. ஒரு தடவை தப்புப் பண்ணிட்டேன். இன்னொரு தடவை பண்ணினா நீ போயிடுவே."

"நகருங்க," என்றாள் தையலக்கா.

"நீயா?"

"ரெண்டாவது டார்ச்சு யார் பிடிச்சா? நீங்க போய் ஊதுங்க. விடாம ஊதுங்க, அது போதும்."

பிறருடைய மூச்சில் நடந்துகொண்டு அவள் வேலை செய்தாள். ஈயத்தைத் துளைத்து எடுத்தாள். சுற்றிலும் செம்பு பளிச்சென்று புதுச் சிவப்பாகத் தெரியும்வரை, கிழிந்த துணியின் ஓரத்தைப் பிரிக்கிற பொறுமையோடு சுரண்டினாள். ஆணியை முறுக்கினாள், வெள்ளி பிடிப்பதற்கான வெள்ளைப் பசையைத் தடவினாள், ஒரு டார்ச்சைக் கட்டை மேல் சாய்த்து நிறுத்தி மற்றதைக் கையில் பிடித்தாள். பாய்லர் கறுத்தது, மங்கியது, மெல்லச் சிவந்தது. இன்னும் கொஞ்சம் கூடினால் மற்ற ஒட்டுகள் எல்லாம் ஓடிவிடும், குறைந்தால் இது பிடிக்காது. அந்த நேரம் பார்த்து, தன் முறைக்கு ஊதிக்கொண்டிருந்த அண்ணனுக்கு இருமல் வந்து குழாய் நழுவியது. சக்கரம் நின்றது. அரைநூல் தட்டுத் தடுமாறிக் குழாயைத் தேடினார். தையலக்காவின் நெஞ்சு கல் மாதிரி ஆயிற்று, காதில் இரைச்சல், கண்ணுக்கு எதிரே சிவப்பு மட்டும் தெரிந்தது. இத்தனை வருடம் எதற்குப் பயந்தாளோ அது வந்தேவிட்டது. டார்ச்சைக் கீழே போடவா என்று ஒரு கணம் தோன்றியது. போடவில்லை. வெள்ளிக் கம்பியை மூலையில் தொட்டாள். அது ஆணியைச் சுற்றி ஒரே ஓட்டமாக ஓடி, தன் வாலைத் தானே தொட்டு நின்றது. அப்போதுதான் சக்கரம் மறுபடி சுற்றியது.

பாய்லர் ஆறியதும் அண்ணன் பச்சைத் தண்ணீர் நிரப்பி நூற்றறுபதுக்குப் பம்பு அடித்து, அரை மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். முந்தின தடவை மாதிரி இல்லாமல் ஒவ்வொரு ஒட்டையும் விரலால் தடவிப் பார்த்தார். காய்ந்த விரல் காய்ந்தே இருந்தது. அரைநூல் ஊதிக்கொண்டே இருந்ததால் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பாய்லரை ஏற்றி, நெருப்பு மூட்டி, முள் முப்பதுக்கு வந்ததும் ரப்பர் குழாயை எடுத்து நீராவிக் குழாயை மாட்டுகிற கால் நிமிஷம் தையலக்கா மூச்சே இல்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்து, அண்ணன் முறுக்குகிற ஸ்பானரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புகைபோக்கி புஸ் என்றது. அண்ணன் பழைய காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்று எழுதி, ஒட்டு வைத்தவர் என்கிற இடத்தில் தங்கையின் பெயரை எழுதினார்.

அன்றைக்கு அரைநூலுக்குக் குரலே போய்விட்டது. கரி போடுவது தன் முறை என்று சைகை காட்டி எழுந்தார்.

"போய்ப் படுங்க. நான் பாத்துக்கறேன்."

"பயமா இல்லையா?" என்று காற்றாகக் கேட்டார்.

"இல்ல."

அவர் நம்பாமல் முள்ளைப் பார்த்தார். அறுபது. அவள் அவர் பார்க்கும்போதே குனிந்து, நெருப்புக் கதவின் முன்னால் முகத்தைக் கொண்டுபோய், இரண்டு கரண்டி கரி போட்டாள். அறுபது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தார். தையலக்கா கதவைச் சாத்தி, தண்ணீர் அளவைப் பார்த்து, பம்பை நாலு தடவை அடித்தாள். சாயங்காலம் துணி வாங்க ஆள் வரும். ரவிக்கையின் ஒரு கை இன்னும் தைக்காமல் கிடந்தது.