வயிறில்லாத டயர்

ஜாக்கியைச் சுற்றச் சுற்ற வண்டி ஏறவில்லை; ஜாக்கிதான் மணலுக்குள் இறங்கியது. முத்லக் அதைப் பிடுங்கி எடுத்தான். குப்புறப் படுத்து இரண்டு கைகளாலும் மணலை வாரி வெளியே தள்ளி, பள்ளத்தில் பலகையைச் செருகி, அதன்மேல் ஜாக்கியை மறுபடி நிறுத்தினான். வெயில் இன்னும் உச்சிக்கு வரவில்லை. ஆனாலும் ரம் பள்ளத்தாக்கின் சிவப்பு மணல் அதற்குள் நெஞ்சைச் சுட்டது. ஸ்பெயினிலிருந்து வந்த கணவனும் மனைவியும் பாறை நிழலில் அவன் போட்டுக் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டு, இதுவும் சுற்றுலாவில் அடக்கம் என்பதுபோல் அவனைப் படம் எடுத்தார்கள்.

கழற்றிய டயரின் பக்கச் சுவரில் இரண்டு வெட்டுகள், பாம்பு கடித்த தடம்போல அருகருகே இருந்தன. எப்படி நடந்தது என்று அவனுக்குத் தெரியும். மணலில் ஓட்ட வேண்டுமென்றால் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். குறைத்தால் டயர் பரந்து மணல்மேல் மிதக்கும். இந்த பிக்கப்புக்கு மாட்டியிருந்தவையோ கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் இருபது அங்குல ரிம்கள். அவற்றைச் சுற்றி டயர் என்ற பெயரில் ஓர் இடுப்பு வார். காற்றைக் குறைத்தால் ரிம் நேராகக் கல்லில் போய் இடிக்கும், நடுவில் சிக்கிய ரப்பர் அறுந்துபோகும். குறைக்காவிட்டால் வண்டி புதையும். அந்த ரிம்களில் மயங்கித்தான் முகாம் முதலாளி ஹைதம் தலைநகர் அம்மானில் இந்த வண்டியையே வாங்கினார்.

மாற்றுச் சக்கரத்தோடு முகாமுக்கு வந்து சேர்ந்தபோது ஹைதம் கூடார வாசலில் நின்றுகொண்டிருந்தார். அம்மான்காரர். சட்டை மடிப்புக் கலையாமல் பாலைவனத்தில் காலம் தள்ளுகிறவர். விருந்தினரைச் சிரித்து உள்ளே அனுப்பிவிட்டு, வண்டியின் பின்புறம் கிடந்த டயரைக் குனிந்து பார்த்தார். பிறகு முத்லக்கைப் பார்த்தார். டயரைப் பார்த்ததைவிட அவனைப் பார்த்த நேரம்தான் அதிகம்.

"எங்க கொண்டுபோய் இடிச்சே? உங்க ஊர்ல எவனுக்காச்சும் கல்லு ஏத்தினியா?"

"அல்லா மேல சத்தியமா, விருந்தாளிங்களத் தவிர வேற யாரையும் எதையும் ஏத்தல முதலாளி. இந்த ரிம்முக்கு டயர்ல வயிறே இல்ல. சின்ன ரிம்மா, பதினேழு அங்குலத்துல போட்டு, மண்ணு கல்லு ரெண்டுக்கும் தாங்குற உசரமான டயரா மாட்டிட்டோம்னா..."

"எங்க வாங்கலாங்கறே?"

"குவைராவுல அபூ ஷாகிர் கடையில கிடைக்கும்."

ஹைதம் ஓட்டுநர் இருக்கைப் பக்கக் கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டார். கியருக்குப் பக்கத்தில் முத்லக்கின் பச்சை பிளாஸ்க் இருந்தது. அதன் வயிற்றில் கொட்டை எழுத்தில் 'அபூ ஷாகிர் டயர் கடை' என்று அச்சடித்திருந்தது. அவர் அதைக் கையில் எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"இது எப்படி வந்துச்சு?"

"போன குளிருக்கு எல்லா டிரைவருக்கும் குடுத்தாரு."

"சும்மா குடுக்க அவனுக்கென்ன பைத்தியமா?" பிளாஸ்க்கை இருந்த இடத்தில் வைத்தார். "நாளைக்கு நானும் வரேன். இதுதான் கடைசி, முத்லக். இதுக்கப்புறமும் ஒரு டயர் கிழிஞ்சுதுன்னா சாவிய மேசைமேல வச்சுட்டுப் போயிட்டே இரு."

முத்லக்கின் சொந்த வண்டி எஞ்சின் இறுகி இரும்புக்கடைக்குப் போனதிலிருந்து அடுத்தவன் சாவியில்தான் அவன் வீட்டு அடுப்பு எரிந்தது. இதுவும் போனால் பாஸ்பேட் சுரங்கத்து லாரி வரும் இடத்தில் கூலிக்கு நிற்க வேண்டியதுதான். அவன் தம்பி அங்கேதான் நிற்கிறான். கூப்பிடுகிற நாளைவிடக் கூப்பிடாத நாள்தான் மிகுதி.

காலையில் அவன் கிளம்பும்போது மனைவி வத்ஹா ரொட்டியை இரண்டாகப் பிய்த்துத் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

"ஏன் முகத்தத் தொங்கப் போட்டுட்டுப் போறீங்க? சின்னதுதான் நல்லதுன்னு எடுத்துச் சொல்லுங்க."

"சொன்னாப் பெருசத்தான் வாங்குவாரு. பேட்டரி வாங்கறப்ப நான் ஒண்ணு சொன்னேன், அவரு வேற வாங்கினாரு. டீசல் இந்த பங்க்ல போடலாம்னேன், அடுத்த பங்க்குக்குப் போகச் சொன்னாரு. நான் கை நீட்டுற பக்கம் எனக்கு ஏதோ வருதுன்னு அவருக்கு நெனப்பு."

"அப்ப மாத்திச் சொல்லித் தொலைங்க!" என்று வத்ஹா சிரித்தாள். "எங்கப்பாவுக்கு எங்கம்மா அப்படித்தான் சோறு போட்டா. இன்னிக்கு ஆட்டுக்கறி வேணாம்னு சொன்னா, அந்த மனுஷன் போய் ஆட்ட அறுத்துட்டு வந்து நிப்பாரு."

அவனும் சிரித்துவிட்டான். குவைரா போய்ச் சேரும் வரைக்கும் அந்தச் சிரிப்பு உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்ததை ஹைதம் பக்கத்து இருக்கையிலிருந்து ஓரக்கண்ணால் கவனித்தபடியே வந்தார்.

அபூ ஷாகிரின் கடை நெடுஞ்சாலையோரம் இருந்தது. தார்ச்சாலை வரைக்கும் டயர் அடுக்கி, நடுவில் ஒருவர் நடக்கிற அளவுக்கு வழி விட்டிருந்தார்கள். அவர் பருத்த மனிதர். நாற்காலியில் இருந்து எழாமலே, "வாங்க, வாங்க! அபூ ஃபராஜ், என்னப்பா ஆளையே காணோம்!" என்று கத்தினார். முத்லக் ஹைதமைத் திரும்பிப் பார்த்தான். ஃபராஜின் அப்பா என்று தன் மகன் பெயரைச் சொல்லி அப்படி உறவாடிக் கூப்பிட்டிருக்க வேண்டாம்.

"ரொம்பப் பழக்கமோ?" என்றார் ஹைதம்.

"இந்த ரோட்டுல வண்டி ஓட்டுறவன் யாரு எனக்குப் பழக்கமில்ல?" என்று அபூ ஷாகிர் தேநீர் வரவழைத்தார்.

இரண்டு வகை எடுத்துக் காட்டினார்கள். ஒன்று, சின்ன இரும்பு ரிம். அதன்மேல் உயரமான, கட்டை கட்டையாகப் பள்ளம் விழுந்த புது டயர். முத்லக் உள்ளங்கையால் பக்கச் சுவரை அழுத்திப் பார்த்தான். நன்றாகப் பிசைந்த மாவு மாதிரி அமுங்கித் திரும்பியது. மற்றது பழைய இருபது அங்குல ரிம்மிலேயே மாட்டக்கூடியது. அதற்கும் முரட்டுப் பள்ளங்கள்தான், பார்க்க மிரட்டலாக இருந்தது. ஆனால் அதே ஒல்லிச் சுவர். அதைத் தடவியபோது கட்டைவிரலில் கறுப்பு ஒட்டிக்கொண்டது. வெகுநாள் கிடந்த சரக்குக்கு மெருகு பூசி வைத்திருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

ஹைதம் கைபேசியில் யாருடனோ பேசச் சற்றுத் தள்ளிப் போனார். அபூ ஷாகிர் குனிந்து முத்லக்கின் காதில், "பெருச எடுக்க வை. உனக்கும் ஏதாவது பாத்துச் செய்யுறேன்" என்றார்.

"எனக்கு ஒண்ணும் வேணாம். தள்ளி உக்காருங்க, அவரு பாக்குறாரு."

பார்த்தேவிட்டார். பேச்சை அப்படியே துண்டித்துவிட்டுத் திரும்பி வந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சொல்லு முத்லக். எது?"

சின்னது என்று சொல்லத்தான் நாக்கு புரண்டது. சொன்னால் என்ன ஆகும்? காதில் ஓதிய கையோடு இதைக் கேட்கிறான், இதில்தான் ஏதோ இருக்கிறது என்று மனிதர் முடிவு கட்டுவார். பெரியதை வாங்கிப் போடுவார். அடுத்த வாரமே கல்லில் அறுபடும், சாவி போகும். வத்ஹாவின் சிரிப்பு ஞாபகம் வந்தது. முத்லக் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"பெருசே போட்டுடலாம் முதலாளி. சின்னதப் போட்டா வண்டி கழுதை வண்டி மாதிரி இருக்கும். விருந்தாளிங்க மதிக்க மாட்டாங்க."

சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஹைதமின் புருவம் நெரிந்தது. அவர் சின்ன ரிம்மைக் காலால் தட்டிப் பார்த்தார். பெரியதைத் தள்ளி நின்று பார்த்தார். கடை வாசலில் பளபளத்துக்கொண்டு நின்ற தன் வண்டியையும் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது சந்தேகம் இல்லை, ஆசை என்பது முத்லக்குக்கு உறைத்தபோது காலம் கடந்துவிட்டது.

"இன்னிக்குத்தான் நீ வாயத் தொறந்து உருப்படியா ஒண்ணு சொல்லியிருக்கே" என்றார் ஹைதம். "எனக்கும் அதான் தோணிச்சு. பெருசையே மாட்டுங்க."

"முதலாளி, ஒரு நிமிஷம்..."

"என்ன?"

"இல்ல, யோசிச்சுப் பாத்தா சின்னதுதான் மணலுக்கு... பாருங்க, இந்த டயர்ல பூசின மை கையில ஒட்டுது. பழசு இது."

அவன் நீட்டிய கட்டைவிரலை ஹைதம் பார்க்கவே இல்லை. முகத்தைத்தான் பார்த்தார்.

"நேத்து சின்னதுங்கறே. இப்பப் பெருசுங்கறே. நான் சரின்னதும் மறுபடி சின்னதுங்கறே. உனக்கும் இவருக்கும் பேச்சுப் படியலையா?"

"ஐயோ, அப்படி எதுவும் இல்ல முதலாளி! அபூ ஷாகிர், நீங்களாவது சொல்லுங்க!"

அபூ ஷாகிர் தேநீரில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே, "நான் என்னப்பா சொல்றது? அபூ ஃபராஜ் சொன்னா சரியாத்தான் இருக்கும். இங்க வந்து முதல்ல சொன்னதச் சொல்றேன்" என்றார்.

டயர் மாட்டி முடிகிற வரை முத்லக் வெளியே டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தான். தன் வாயைத் தானே கிழித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. மாமியார் ஆட்டுக்கறி வாங்கிய தந்திரத்தைக் கொண்டுவந்து அம்மான்காரனிடம் காட்டியிருக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டான். ரொட்டி துணியில் சுற்றியபடியே கிடந்தது.

அதற்கப்புறம் அவன் கட்டைவண்டி ஓட்டுவதுபோல் ஓட்டினான். கல் தெரிகிற இடத்தில் எல்லாம் இறங்கி நடந்து பார்த்துவிட்டு ஏறினான். விருந்தினர்கள் நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பும் ஹைதம் காதுக்குப் போயிற்று. பெருநாள் விடுமுறைக் கூட்டத்தில், ஒரு ஜெர்மன் குடும்பம் சூரியன் மறைவதைப் பார்க்க அவசரப்படுத்த, மணலுக்கடியில் மூடிக்கிடந்த கல் ஒன்றில் முன்சக்கரம் ஏறி இறங்கியது. டயர் அறுந்த சத்தத்தைக் கேட்டதுமே முத்லக் எஞ்சினை அணைத்தான். இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை.

மறுநாள் முகாமில், "நீ கேட்டதத்தான் வாங்கிக் குடுத்தேன்" என்றார் ஹைதம். "கடைக்காரன் முன்னாடியே கேட்டேன், நீதான் சொன்னே. இப்ப என்ன சொல்லப்போறே?"

சொல்வதற்கு ஏராளம் இருந்தது. எதைச் சொன்னாலும் அது மூன்றாவது தடவை மாற்றிச் சொன்னதாகத்தான் ஆகும். அவன் சாவியை மேசைமேல் வைத்தான். வீட்டுக்குப் பாதிவழி நடந்த பிறகுதான் பிளாஸ்க் வண்டியிலேயே கிடப்பது ஞாபகம் வந்தது. திரும்பிப் போகவில்லை.

தார்ச்சாலை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் ஒரு வேலமரம் உண்டு. சுரங்கத்து லாரி அங்கேதான் ஆட்களை ஏற்றும், ஏற்றுகிற நாளில். லாரி வராத ஒரு காலை நேரத்தில் முத்லக் அதனடியில் குந்தியிருந்தபோது அந்த பிக்கப் வந்து நின்றது. அவன் முதலில் பார்த்தது சக்கரங்களைத்தான். கறுப்பு இரும்பு ரிம், சின்னது. அதைச் சுற்றி உயரமான புது டயர்.

ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஒருவன் இறங்கினான். கட்டுமஸ்தான ஆள், நகரத்துக் காலணி. ஒரு ஆணியை எடுத்து முன்சக்கரத்து வால்வைக் குத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். காற்று விட்டுவிட்டுச் சீறியது. விரல் வலித்து உதறினான். பிறகு மரத்தடியைப் பார்த்தான்.

"அண்ணே, இந்தப் பக்கத்து ஆளா நீங்க? எவ்வளவு காத்து எறக்கணும்? நாலு சக்கரத்துக்கும் இப்படி நின்னுட்டிருந்தா பொழுது போயிடும்போல."

"புதுசா?"

"ஆமாண்ணே. ராயித்னு பேரு, ஸர்க்கா பக்கம். முகாம் முதலாளிக்கு நான் மச்சினன், எங்கக்காவதான் கட்டியிருக்காரு."

"டயர் நல்லாருக்கு."

"நான்தான் சொன்னேன். மச்சான், இந்த ரிம்ம வச்சுக்கிட்டு ஒண்ணும் ஓட்ட முடியாது, சின்னதா மாத்துங்கன்னேன். அன்னிக்கே கூட்டிட்டுப் போய் வாங்கிக் குடுத்துட்டாரு."

முத்லக் எழுந்து வந்தான். சட்டைப் பையின் மூலையில் விரலை விட்டுத் துழாவினான். காற்று இறக்க எப்போதும் வைத்திருந்த உளுந்தளவுக் கற்கள் இன்னும் கிடந்தன. ஒரு கல்லை வால்வு மூடிக்குள் போட்டு மூடியைத் திருகினான். உள்ளே கல் வால்வின் ஊசியை அழுத்த, காற்று தானாகச் சீறத் தொடங்கியது. ராயித் வாயைப் பிளந்து பார்த்தான்.

"அடேயப்பா! இப்படி ஒரு வழி இருக்கா!"

முத்லக் ஒவ்வொரு சக்கரமாகப் போய் முழங்காலிட்டு மூடியைத் திருகினான். கடைசிச் சக்கரம் பயணி இருக்கைப் பக்கம். தலைக்கு மேலே கண்ணாடி ஏற்றியிருந்தது. உள்ளே குளிர்காற்று ஓடிக்கொண்டிருந்தது. ஹைதம் நேராகப் பாதையைப் பார்த்தபடி, கொட்டை எழுத்து போட்ட பச்சை பிளாஸ்க்கிலிருந்து தேநீரை மூடியில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

முத்லக் உள்ளங்கையை டயரின் பக்கச் சுவரில் வைத்து, அது மெல்ல மெல்ல வயிறு பரப்பி மணலில் அமர்வதை உணர்ந்துகொண்டிருந்தான்.

"போதுமாண்ணே?" என்றான் ராயித்.

"இன்னும் கொஞ்சம் எறங்கட்டும்."