மூன்றைக் கேட்டவளுக்கு ஆறு

1

இந்தக் கதையில் என்னுடையது பாதிதான். மீதியை ஒரு பஸ்ஸில் ஒட்டுக்கேட்டேன். திருக்கழுக்குன்றத்தில் வண்டி நின்றபோது முன் சீட்டுப் பெண்மணி பக்கத்திலிருந்தவளிடம், "நம்பர் ஏறினா ஊசி எளைச்சிப்பூடும், அது தெரியாத அந்த ஆளு..." என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போய்விட்டாள். அந்த ஆள் யார், தெரியாமல் என்ன செய்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. மாமல்லபுரம் வரும்வரை அந்த அரை வாக்கியம் என்னைக் குடைந்தது. செருப்புக்கு நம்பர் ஏறினால் செருப்பு பெரிதாகும். வளையலுக்கும் அப்படித்தான். நம்பர் ஏற ஏற இளைத்துப் போகிற ஊசி எது?

விசாரித்தேன். குரோஷா ஊசி என்றார்கள். நுனியில் கொக்கி வைத்த ஒற்றை ஊசி. நூலைக் கொத்தி வளையத்துக்குள் வளையமாக இழுத்து லேஸ் பின்னுவார்களே, அது. ஊசி கிடைத்துவிட்டது. ஆளைத்தான் நானே பிடித்து வர வேண்டியதாயிற்று.

2

தொடக்கங்கள்:

"கடல் அன்று வெள்ளி..." (அடித்துவிட்டேன். மாமல்லபுரம் என்றதும் கடலைக் கூப்பிடுகிற கெட்ட பழக்கம். கதை நடப்பது செங்கல்பட்டில். அங்கே இருப்பது ஏரி.)

"1954ஆம் வருஷம் சாராள் டீச்சரின் குரோஷா ஊசியை ஒரு காக்கை தூக்கிக்கொண்டு..." (காக்கை அதை வைத்து என்ன பின்னப் போகிறது? இதுவும் போகட்டும்.)

"சாராளின் ஊசி பள்ளிக்கூடத்துக் கிணற்றில் விழுந்துவிட்டது." இது இருக்கட்டும். கிணற்றடியில் உட்கார்ந்து பின்னுகிறவளுக்கு இது நடக்கும். யாரும் என்னைக் கேள்வி கேட்க முடியாது.

3

சாராள் செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியின் தையல் டீச்சர். மாணவிகளின் தப்புத் தையலை முகத்துக்கு நேரே பிரிக்கச் சொல்லுகிறவள். அவளுக்கும் ஞானதாஸுக்கும் கல்யாணம் நிச்சயமாகி, கோயிலில் முதல் ஓலையும் வாசித்தாயிற்று.*

ஞானதாஸ், செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் தனியார் பஸ்ஸின் டிரைவர். அவன் தங்கை வசந்தா சாராளோடு வேலை பார்க்கிறாள். சம்பந்தம் வந்த வழி அதுதான்.

கல்யாண முக்காட்டுக்குச் சுற்றிலும் வைக்க சாராள் தானே லேஸ் பின்னிக்கொண்டிருந்தாள். இருபதாம் நம்பர் நூல், மூன்றாம் நம்பர் ஊசி. பாதி முடிந்திருந்தபோதுதான் கிணறு குறுக்கிட்டது. செங்கல்பட்டுக் கடைத்தெருவில் கம்பளி பின்னும் தடி ஊசிதான் இருந்தது. அதில் இழுத்தால் ஓட்டை ஓட்டையாக, மீன்பிடி வலை மாதிரி வரும். ஊசியை மாற்றினால் கை மாறினது போலத்தான். பழைய பாதியும் புதுப் பாதியும் ஒன்றையொன்று தெரியாத மாதிரி நிற்கும். அதனால் வசந்தாவிடம் சொல்லி அனுப்பினாள்: அண்ணன் பட்டணம் போனால் மூன்றாம் நம்பர் ஊசி ஒன்று வாங்கி வரட்டும்.

* ஓலை என்றால் பனை ஓலை தேட வேண்டாம். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் என்று கிறிஸ்தவக் கோயிலில் மூன்று ஞாயிறு சபையின் முன் அறிவிப்பார்கள். தடை ஏதும் அறிந்தவர் தெரிவிக்கலாம் என்றும் ஒவ்வொரு தடவையும் சொல்லுவார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தேவைப்படும்.

4

ஞானதாஸ் பாரிமுனைக் கடையில் நிற்கிறான். கடைக்காரர் எஃகு ஊசிகளைப் பரப்பி வைத்திருக்கிறார். ஒவ்வொன்றின் பிடியிலும் நம்பர் குத்தியிருக்கிறது. முதல் தடவையாக ஒரு பெண் அவனிடம் ஒன்று கேட்டிருக்கிறாள். அவள் கேட்டது மூன்று. பக்கத்திலேயே ஆறு இருக்கிறது. அவன் பஸ் டிரைவர். ஸ்பேனரில் நம்பர் ஏறினால் வாய் அகலமாகும் என்பது அவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். மூன்று கேட்டவளுக்கு மூன்றையே கொடுப்பவன் என்ன மாப்பிள்ளை என்று நினைத்தான். ஆறை வாங்கினான்.

(ஒரு வாசகர் கை தூக்குகிறார்: கண்ணால் பார்த்தால் தெரியாதா? தெரியாது ஐயா. அந்த ஊசிகளின் நுனிக்கு ஒரு தகரத் தொப்பி மாட்டியிருப்பார்கள், குத்திவிடாமல் இருக்க. பிடி எல்லாவற்றுக்கும் ஒரே பருமன். தொப்பியோடு பார்த்தால் மூன்றும் ஆறும் அண்ணன் தம்பிதான். கழற்றிப் பார்த்திருக்கலாமே என்கிறீர்கள். கல்யாணம் நிச்சயமான சந்தோஷத்தில் நீங்கள் எதைக் கழற்றிப் பார்த்தீர்கள்?)

5

கட்டுரை போல ஒரு சிறு பகுதி. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம், ஆனால் போனால் கல்யாணம் புரியாது.

எஃகு ஊசியில் ஒன்று தடி, ஆறு மெலிசு. நூலும் அப்படியே. இருபது பருமன், எண்பது முடி போல. இரண்டும் சேர்ந்தே இளைக்க வேண்டும். கொக்கியின் வாய் நூலை முழுசாகக் கவ்வ வேண்டும். வாய் சிறுத்தால் நூலின் ஓர் இழையைக் கொத்தி இன்னொன்றை விட்டுவிடும், நூல் பிரியும். வாய் பெருத்தால் பின்னல் தொளதொளக்கும். சந்தேகமிருந்தால் நாலு வரிசை பின்னிப் பழைய துண்டின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். நம்பரை நம்புவதைவிட அது நல்லது.

சாராள் அதைத்தான் செய்தாள். வசந்தா கொண்டுவந்து கொடுத்த ஊசியின் தொப்பியைக் கழற்றியதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. நாலு வரிசைக்குப் பிறகு வரவில்லை. நூல் பிரிந்து பஞ்சாக நின்றது.

6

இங்கே என் கதாநாயகி மேல் எனக்கு ஒரு சந்தேகம். வகுப்பில் நாற்பது பெண்களைத் திருத்துகிறவள், ஒரு ஆணிடம் "இது தப்பு ஊசி" என்று சொல்லத் தயங்குவாளா? எழுதிப் பார்த்தேன், தயங்கினாள். காரணம் வசந்தா எப்போதோ சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு செய்தி: ஒருநாள் அண்ணன் ஒரு நிறுத்தத்தைத் தாண்டி வண்டியை விட்டுவிட்டான். அதைச் சொல்லிக் காட்டிய கண்டக்டரோடு அன்று முழுக்க அவன் பேசவில்லை. கண்டக்டர் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம். சாராள் எங்கே போவாள்?

சாராளின் அம்மா சந்திரம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. "ஊசி நல்லா கீதுன்னு சொல்லிடு. ஆம்பளகிட்ட தப்பு சொல்றதெல்லாம் கண்ணாலம் ஆனப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம் மட்டும் சொல்ல முடியுமாம்மா?" என்றாள் சாராள்.

சந்திரம்மா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்தப் போக்குதான் சாராளைப் பயமுறுத்தியது. முக்காடு அரைகுறையாக நின்றால் நிற்கட்டும். ஆயுசு முழுக்க "நல்லா கீது" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமோ என்பதுதான் அவளுக்குப் பயம். இரண்டாவது ஓலை வாசித்தபோது, "தடை உண்டென்று அறிந்தவர்" என்ற இடத்தில் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அறிந்த தடை ஒரு சாண் நீளம்கூட இல்லை.

7

முடிவுகள்:

(அ) எண்பதாம் நம்பர் நூல் வாங்கி, முழு லேஸையும் ஆறாம் நம்பரில் முதலிலிருந்து பின்னுகிறாள். கண் போகிறது. எல்லோரும் அவளைப் புகழ்கிறார்கள். (எனக்குப் பிடிக்கவில்லை. இப்படிப்பட்ட பெண்களை ஏற்கெனவே நிறைய எழுதித் தள்ளியிருக்கிறோம்.)

(ஆ) வசந்தா நடுவில் புகுந்து, அண்ணனிடம் பக்குவமாக... (பக்குவமாக என்று எழுதும்போதே கை வலித்தது.)

(இ) சாராள் தானே போகிறாள்.

8

சனிக்கிழமை மத்தியானம், செங்கல்பட்டு பஸ் நிலையம். மாமல்லபுரம் வண்டி புறப்பட இன்னும் நேரம் இருந்தது. ஞானதாஸ் டிரைவர் சீட்டிலிருந்து இறங்கி வந்தான். கடலைக்காரி அவர்கள் இருவரையும் பார்க்காத மாதிரி நன்றாகவே பார்த்தாள்.

"இன்னா டீச்சர், ஊசி வேலைக்காவுதா? மூணு கேட்டே, ஆறா வாங்கியாந்தேன்."

சாராள் பையிலிருந்து நூலையும் ஊசியையும் எடுத்து அவன் கையில் கொடுத்தாள். கொக்கியில் நூலை மாட்டி இழுக்கச் சொன்னாள். ஸ்டீயரிங் பிடிக்கிற விரல்கள் அந்த ஊசியைப் பிடிக்கத் தடுமாறின. இழுத்தான். நூல் பிரிந்தது. மறுபடி இழுத்தான். நூல் சரியில்லை என்றான். அவள் அதற்கு "ஆமாம்" என்று சொல்லியிருக்கலாம். எவ்வளவு சுலபமான வழி. நானே அவளுக்காக அதை எழுதி, பிறகு அடித்தேன்.

"நூல் நல்ல நூல்தான். இதுல நம்பர் ஏறினா ஊசி எளைச்சிப்பூடுங்க. ஒண்ணுதான் தடி."

ஞானதாஸ் ஊசியின் நுனியை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

"அப்போ ஜாஸ்தியா குடுக்கணும்னு நெனச்சி கம்மியா குடுத்துட்டேனா?"

"ஆமா," என்றாள் சாராள்.

சொல்லிவிட்டாள். நகராமல் நின்றாள். எனக்கு அவள்மேல் அப்போது வந்த பிரியத்தை மறைக்கப் போவதில்லை.

அவன் ஊசிக்குத் தொப்பியை மாட்டிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான். கண்டக்டர் விசில் கொடுத்தார். ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தான். முகத்தைப் பார்க்க அவள் எட்டிப் பார்த்தபோது பஸ் திரும்பிவிட்டது.

9

அவன் கோபித்தானா, சிரித்தானா? பட்டணம் போகும் மாலை ரயிலைப் பிடித்தானா, வீட்டில் படுத்துக்கொண்டானா? என்னைக் கேட்காதீர்கள். நானும் அந்த பஸ் நிலையத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மறுநாள் ஞாயிறு, மூன்றாவது ஓலை. ஆண்கள் பக்கம் ஞானதாஸ் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருக்கிறான். பையில் ஒரு ஊசி தெரிகிறது. அது நேற்றைய ஆறா, புது மூன்றா என்று பெண்கள் பக்கத்திலிருந்து சாராள் எவ்வளவு உற்றுப் பார்த்தும் தெரியவில்லை. தொப்பி போட்டிருக்கிறது.

போதகர் இருவர் பெயரையும் வாசித்து முடித்துவிட்டார். நீங்களும் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், நான் பார்த்தேன். தடை ஏதாவது அறிந்திருந்தால் சொல்லுங்கள் என்று அவர் நிமிர்ந்து சபையைப் பார்க்கிறார். சாராள் இந்தத் தடவை தலையைக் குனியவில்லை.