தரையில ஓடுறதுக்கு எதுக்கு இறக்கை?

என் வீட்டுக்காரர் பர்னிச்சர் கடை வேன் ஓட்டுகிறவர். இரண்டு பக்கமும் சுவர் உரசுகிற சந்துக்குள், மூன்று பேர் உட்காரும் சோபாவோடு ரிவர்ஸில் நுழைந்து அலுங்காமல் வெளியே வருவார். பதினெட்டு வருஷத்தில் அந்த வேனில் ஒரு கீறல் கிடையாது. அப்படிப்பட்ட மனுஷர், இரண்டு கிலோகூட இல்லாத பொம்மை விமானத்தை, கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் புல்லாகக் கிடந்த மைதானத்தில், அங்கே இருந்த ஒரே ஒரு மடக்கு நாற்காலியைத் தேடிக் கொண்டுபோய் மோதினார்.

நாற்காலி பல் டாக்டருடையது. மாதிரி விமான கிளப்புக்கு அவர்தான் தலைவர். மோதுவதற்கு ஒரு நொடி முன்னால் எழுந்து குதித்ததால் அவர் முழங்கால் தப்பியது. விமானத்தின் இடது இறக்கை முனை தப்பவில்லை. அன்று முதல் கிளப்பில் எல்லோரும் என் வீட்டுக்காரரை 'நாற்காலி' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

எனக்கு வந்ததே கோபம்! எட்டு மாதம் சாப்பாட்டு மேஜையை அடைத்துக்கொண்டு செய்த விமானம் அது. சட்டமெல்லாம் அவர் வேலை. ஆனால் இறக்கைக்கு மேல் இழுத்து ஒட்டுகிற மஞ்சள் பிளாஸ்டிக் தாளை, துணி தேய்க்கிற பெட்டியால் சூடு காட்டிச் சுருக்கமில்லாமல் ஒட்டியது நான். என் பெட்டி, என் கை, கொப்புளம் வந்ததும் என் விரல். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். "கண்ணு எங்க இருந்துச்சு?" என்று பத்து தடவையாவது கேட்டிருப்பேன். அவர் ரோட்டைப் பார்த்தபடி வேனை ஓட்டினார்.

அந்த கிளப்பில் ஒரு விதி. விமானத்தைப் பறக்கவிடும் முன் தரையில் ஓட்டிக் காட்ட வேண்டும். காலடியிலிருந்து கிளம்பி, தூரத்தில் நட்டிருக்கும் இரண்டு கொடிகளைச் சுற்றி, திரும்ப நம்மை நோக்கி வந்து, சுண்ணாம்புத் தூளால் போட்ட வெள்ளைக் கட்டத்துக்குள் நிற்க வேண்டும். இறக்கை தரையில் படக் கூடாது. மூக்கு குத்தக் கூடாது. பக்கத்திலிருந்து யாரும் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கக் கூடாது. சொன்னால் அந்த நிமிஷமே தோல்வி. ஆளுக்கு இரண்டே வாய்ப்பு. முதல் வாய்ப்பு நாற்காலியோடு போயிற்று. அடுத்தது மூன்று வாரம் கழித்து. அதற்குப் பிறகு மைதானத்துச் சொந்தக்காரர் நிலத்தை உழுதுவிடுவார். விட்டால் எட்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலையில்தான் கவனித்தேன். அவர் சவரம் செய்யும்போது விசில் அடிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டு அலுத்த விசில் அது. செவ்வாயும் இல்லை. புதன்கிழமை, "அந்த விமானத்தை மூட்டை கட்டி பரண்ல போட்டுடலாம்" என்றார். "எட்டு மாசம் கழிச்சுப் பாத்துக்கலாம்" என்றுகூடச் சொல்லவில்லை. பரணில் ஏறியது எதுவும் எங்கள் வீட்டில் இறங்கியதாகச் சரித்திரம் இல்லை. அடுத்த வாய்ப்பையும் விட்டால் இவர் இதையே விட்டுவிடுவார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கோபம் போன இடம் தெரியவில்லை.

பல் டாக்டரே இரக்கப்பட்டு தன்னுடைய சிமுலேட்டரை இரவல் கொடுத்தார். டிவியில் ஒரு மைதானம் தெரியும், அதில் ஒரு விமானம் நிற்கும். நிஜ விமானத்தின் ரிமோட்டையே கம்பி வைத்து இணைத்துக்கொண்டு ஓட்டலாம். எத்தனை தடவை மோதினாலும் ஒரு பொத்தானை அமுக்கினால் புத்தம் புது விமானம் வந்து நிற்கும். முதல் சாயங்காலமே இவர் அதை மேலே கிளப்பி, தலைகீழாகப் புரட்டி, மேகத்துக்குள் விட்டுக்கொண்டிருந்தார். நான் டிவி சுவிட்சை அணைத்தேன்.

"என்னம்மா?"

"மேல எல்லாம் அப்புறம் போகலாம். நாற்காலி வானத்துல இல்ல, தரையிலதான் இருந்துச்சு. தரையில ஓட்டுங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது எங்கள் பயிற்சி. தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம். குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டி, மோதுகிற ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போட்டேன். முதல் நாள் மட்டும் முப்பத்தொரு கோடு. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே பார்ப்பார். மூன்றாம் நாள் அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்டா, தரையிலயே ஓடுறதுக்கு எதுக்குடா அதுக்கு இறக்கை? வெட்டி எறிஞ்சிட்டு வண்டின்னு சொல்லிடேன்."

"அம்மா, சும்மா இரும்மா. காத்து வேற தள்ளுது."

"டிவிக்குள்ள ஏதுடா காத்து?"

சிமுலேட்டரில் காற்றையும் வைக்கலாம், நான்தான் வைத்திருந்தேன். அந்த விமானத்துக்கு வாலில் ஒரு குட்டிச் சக்கரம். வலது குச்சியை வயிற்றை நோக்கி இழுத்தே பிடித்தால்தான் வால் தரையில் படிந்திருக்கும். கொஞ்சம் விட்டாலும் மூக்கு குத்திக் குப்புற விழும். அது அவருக்கு இரண்டே நாளில் பிடிபட்டது. நம்மை விட்டு விலகிப் போகும்போதும் வெண்ணெய் மாதிரி ஓட்டினார். திரும்பி நம்மைப் பார்த்து வரும்போதுதான் வினை. அப்போது விமானத்தின் இடது நமக்கு வலது. அது வலது பக்கம் ஒதுங்குவதாகத் தெரிந்தால் இவர் திருப்புகிற குச்சியை இடது பக்கம் தள்ளுவார். அது இன்னும் வேகமாக அதே பக்கம் பாயும்.

எனக்கு அதில் குழப்பமே இல்லை. நான் பாலர் பள்ளி டீச்சர். இருபது வாண்டுகள் எனக்கு எதிரே நின்றுகொண்டிருக்கும்; அவர்களுடைய வலது கை எது என்று பதினாலு வருஷமாக அவர்கள் பக்கத்திலிருந்தே யோசித்துப் பழகிவிட்டேன். எதிரே வருகிற விமானம் எனக்கு இன்னொரு பிள்ளை. ரிமோட்டை வாங்கி ஓட்டினேன். முதல் தடவையே கட்டத்துக்குள் போய் நின்றது. "மருமக பரவாயில்லையே!" என்றார் மாமியார். பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்ததும் பெருமை இறங்கிவிட்டது.

அவருக்கென்று ஒரு வழி வைத்திருந்தார். டிவிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, வேனை ரிவர்ஸ் எடுப்பது மாதிரி தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்து ஓட்டுவது. அப்போது அவரும் விமானமும் ஒரே திசையைப் பார்ப்பதால் இடது இடதுதான்.

"இது என்ன கூத்து? அத்தனை பேர் முன்னாடி விமானத்துக்கு முதுகைக் காட்டிட்டு நிப்பீங்களா? சிரிப்பாங்க. ஒழுங்கா நேரா நில்லுங்க."

நேராக நின்றார். நான் என் வகுப்பு வித்தையை எடுத்தேன். பள்ளியில் பிள்ளைகளின் இடது மணிக்கட்டில் சிவப்பு நாடா, வலதில் நீலம் கட்டுவேன். அதே மாதிரி சிமுலேட்டர் விமானத்துக்கு இடது இறக்கை முனையில் சிவப்பு, வலதில் நீலம் போட்டேன். ரிமோட்டில் திருப்புகிற குச்சிக்கு இடது பக்கம் சிவப்பு டேப், வலது பக்கம் நீலம். "இடது வலது எல்லாத்தையும் மறந்துடுங்க. சிவப்புப் பக்கம் ஒதுங்குதா, நீலத்தைத் தள்ளுங்க. நீலப் பக்கம் ஒதுங்குதா, சிவப்பைத் தள்ளுங்க. அவ்வளவுதான்."

கோடுகள் குறைந்தன. முப்பது, பதினெட்டு, ஒன்பது. மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை ஒரே ஒரு கோடு. அன்று ராத்திரி அவர் கை கழுவும்போது லேசாக ஒரு விசில் கேட்டது. நான் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன்.

சனிக்கிழமை இறக்கையைக் கழற்றி, அடிப்பக்கம் கிழிந்திருந்த இடத்தில் புதுத் தாளைத் தேய்த்து ஒட்டினேன். அப்படியே இரண்டு முனையிலும் சிவப்பு, நீல டேப்பைச் சுற்றி, அழகாக ஓரம் வெட்டி முடித்தேன்.

ஞாயிறு காலை மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனபோது கிளப்பில் பதினைந்து பேர் இருந்தார்கள். "நாற்காலி வந்தாச்சு, நாற்காலியை எடுத்து ஓரமா வைங்கப்பா!" என்று ஒருவர் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், உதட்டளவில். கிளம்பும் முன் குச்சிகளை நாலு பக்கமும் ஆட்டி, வால் சரியாக அசைகிறதா என்று குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் கூடுதலாகவே பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "ரெடி" என்றார்.

"இனி யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்றார் பல் டாக்டர்.

விமானம் எங்களுக்கு வாலைக் காட்டிக்கொண்டு கிளம்பியது. அப்போதுதான் பார்த்தேன். சிவப்பு வலது பக்கம் இருந்தது. நீலம் இடது பக்கம்.

எப்படி? இறக்கையின் முன் ஓரம் என்னைப் பார்த்தபடி மேஜையில் கிடந்தது. எதிரே நிற்கிற பிள்ளைதானே என்று, பழக்க தோஷத்தில் அதன் இடதை என் வலது பக்கம் வைத்து சிவப்பை ஒட்டியிருக்கிறேன். அடிப்பக்கம் ஒட்டுப்போடுவதற்காக அதைக் குப்புறக் கவிழ்த்திருந்ததும், அதனால் இடது வலது மாறியிருந்ததும் சுத்தமாக மறந்துபோயிற்று. மூன்று வாரமாக நிறத்தைப் பார், நிறத்தைப் பார் என்று மந்திரம் மாதிரி ஓதிவிட்டு, நிறத்தையே மாற்றி ஒட்டி அனுப்பியிருக்கிறேன். நான் சொன்னபடி அவர் ஓட்டினால், விமானம் திரும்பி வரும்போது எங்கே போய் முட்டுமோ!

கத்தினால் தோல்வி. கத்தாவிட்டாலும் தோல்வி. இருபது வாண்டுகளை ஒரே சத்தத்தில் அடக்குகிற என் தொண்டை அன்று சும்மா இருந்த பாடு எனக்குத்தான் தெரியும். புறங்கையைக் கடித்துக்கொண்டேன்.

"என்னம்மா, கையைப் போய் கடிக்கிற?" என்று மாமியார் கிசுகிசுத்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

முதல் கொடியைச் சுற்றியது. இரண்டாவதையும் சுற்றி, மூக்கை எங்கள் பக்கம் திருப்பியது. அங்கே அவர் வேகத்தைக் குறைத்து விமானத்தை அப்படியே நிறுத்தினார். போச்சு, குழம்பிவிட்டார் என்று நினைத்தேன்.

அவர் மெதுவாகத் திரும்பி, விமானத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். நேர் எதிரே நாங்கள் பதினேழு பேர். அவர் எங்களைப் பார்க்கவில்லை. இடது தோளுக்கு மேலே கழுத்தைத் திருப்பி, சந்துக்குள் வேனை ஏற்றுகிற அதே முகத்தோடு, குச்சியைத் தள்ளினார். யாரோ களுக்கென்று சிரித்தார். பல் டாக்டர் ஒரு முறை முறைத்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. விமானம் வந்தது. காற்று ஒரு தள்ளு தள்ளியது, குச்சி ஒரு நூல் அசைந்தது, விமானம் நேரானது. வெள்ளைக் கட்டத்துக்குள் வந்து, நடுவில் நின்றது.

"முதுகைக் காட்டி ஓட்டலாமா?" என்று ஒருவர் கேட்டார்.

"விதியில முதுகைப் பத்தி ஒண்ணும் இல்ல. பாஸ்!" என்றார் பல் டாக்டர். மாமியார் துள்ளி எழுந்து கைதட்டியதில் அவர் உட்கார்ந்திருந்த மடக்கு நாற்காலி கவிழ்ந்தது.

ஆரவாரம் அடங்கியதும் அவரைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன். "ஏங்க, நான் டேப்பை மாத்தி ஒட்டிட்டேங்க."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"கிளம்புறதுக்கு முன்னாடி குனிஞ்சு பாத்தேன்ல, அப்பவே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே! அஞ்சு நிமிஷத்துல பிச்சு ஒட்டியிருப்பேனே."

அவர் ரிமோட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பதினஞ்சு பேர் முன்னாடியா? அப்புறம் உனக்கும் ஒரு பேர் வச்சிடுவாங்க. நம்ம வீட்டுக்கு ஒரு நாற்காலி போதும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு நாற்காலிக்காக வழிநெடுக அவரை வறுத்தெடுத்த வாய் இது. "மன்னிச்சுக்கங்க" என்றேன். அந்த வார்த்தையை நான் அவரிடம் அடிக்கடி சொல்லுகிற ரகம் இல்லை. அவர் மிரண்டுபோய், "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

மத்தியானம் பல் டாக்டர் துணைக்கு நிற்க, மஞ்சள் விமானம் மூன்று சுற்று பறந்து இறங்கியது. திரும்பி வரும் வழியெல்லாம் அவர் விசில் அடித்தார். ராகமும் இல்லை, தாளமும் இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. "இவளுக்கு என்னடா, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று பின்சீட்டிலிருந்து மாமியார் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் குளிர்பெட்டிக் கதவில் இருந்த தாளைக் கிழிக்கப் போனேன். கை வரவில்லை. பேனாவை எடுத்து, அவருடைய கோடுகளுக்குப் பக்கத்தில் 'டீச்சர்' என்று எழுதி, அதற்குக் கீழே ஒரு கோடு போட்டேன்.